வழிமுறை இல்லாத விடை

1

2021 மார்ச் இரண்டாம் வாரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, மார்ச் 4-ஆம் தேதி செய்தித்தாள். கோவாக்சின் 81 சதவீதம் பலன் தருவதாக அதில் செய்தி. இன்னொன்று, தடுப்பூசி போடும் இடத்தில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டு நீட்டிய ஒப்புதல் படிவம். அப்பாவுக்கு அப்போது 66 வயது. தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். "படிச்சுட்டு நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

படித்தும் விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பேப்பர்ல எண்பத்தொண்ணு சதவீதம் வேலை செய்யுதுன்னு போட்டிருக்கான். இந்த ஃபார்ம்ல, வேலை செய்யுதான்னு இன்னும் உறுதியாகலை, மூணாம் கட்ட ஆய்வு நடந்துக்கிட்டிருக்குன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே மருந்துதானே? இதுல எவன் பொய் சொல்றான்?"

நான் இலக்கியம் படித்தவள். புள்ளியியலோ மருத்துவமோ என் பாடம் இல்லை. ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பிரதிகள், இரண்டும் அதிகாரப்பூர்வம், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்றால், அது எங்கள் துறைக்காரர்கள் தினமும் செய்கிற வேலைதான். அன்று அப்பாவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரை, தாமதமாக வந்த அந்தப் பதில்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டில் நல்ல உரைநடை அந்தப் படிவம்தான்.

2

தடுப்பூசி நிறுவனத்தின் பத்திரிகைக் குறிப்பை ஒரு எழுத்து வகைமையாக எடுத்து வாசிக்கலாம். அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு. முதல் வரியில் ஒரு சதவீதம். அடுத்து நிறுவனத் தலைவரின் பெருமிதம். பிறகு எத்தனை ஆயிரம் பேர் பங்கேற்றார்கள் என்ற பெரிய எண். கடைசியில், முழு விவரங்கள் பின்னர் வெளியாகும் என்ற உறுதிமொழி. செய்தித்தாளுக்குப் போகும்போது இதில் முதல் வரி மட்டும் தப்பிப் பிழைக்கும்.

2021 மார்ச் 3-ஆம் தேதி பாரத் பயோடெக் வெளியிட்ட குறிப்பில் பெரிய எண் 25,800. அத்தனை பேர் மூன்றாம் கட்ட ஆய்வில் இருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. பிறகு காத்திருக்க வேண்டும், யாருக்கெல்லாம் நோய் வருகிறது என்று.

ஆனால் 81 என்ற எண் அந்த 25,800-இலிருந்து நேராக வரவில்லை. அது 43 பேரிலிருந்து வந்தது. அதுவரை அறிகுறிகளோடு கொரோனா வந்தவர்கள் 43 பேர். அதில் வெற்று ஊசி போட்டவர்கள் 36, தடுப்பூசி போட்டவர்கள் 7. முப்பத்தாறில் ஏழு போனால் இருபத்தொன்பது. இருபத்தொன்பதை முப்பத்தாறால் வகுத்தால் 80.6 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

அப்பாவின் முதல் சந்தேகம், பெரும்பாலானவர்களுக்கு வந்த சந்தேகம்தான்: "அப்ப நூறு பேர் போட்டுக்கிட்டா பத்தொன்பது பேருக்கு வந்துடுமா?" இல்லை. 81 என்பது ஒப்பீடு. ஊசி போடாதவர்களுக்கு எவ்வளவு வருமோ அதில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது என்று அர்த்தம். இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரே வரியில் சொல்ல முடியும். "போடாதவர்களில் ஐந்து பேருக்கு வந்த இடத்தில், போட்டவர்களில் ஒருவருக்கு வந்தது." செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் என் கண்ணில் பட்டதெல்லாம் '81% பலன்', '81% செயல்திறன்' மட்டும்தான். பலன் என்றால் எதற்கு எதிராக, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அது உருண்டையான சொல்.

இப்போது அந்த எண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம். தடுப்பூசிக் குழுவில் ஏழு பேருக்குப் பதிலாகப் பத்துப் பேருக்கு நோய் வந்திருந்தால்? சதவீதம் 72. நான்கு பேருக்கு மட்டும் வந்திருந்தால்? 89. இருபத்தைந்தாயிரம் பேர் உள்ள ஆய்வில், மூன்றே மூன்று பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் தலைப்புச் செய்தி மாறிவிடும். அதனால் எண் பொய் என்று ஆகாது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது, உண்மை அந்த வேலிக்குள் எங்கேயோ இருக்கிறது என்றுதான் ஆகும். ஆய்வுக் கட்டுரையில் அந்த வேலியின் கீழெல்லையும் மேலெல்லையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தலைப்புச் செய்தியில் வேலி இருக்காது, எண் மட்டும் இருக்கும்.

அதே குறிப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2,433 பேர் பங்கேற்றார்கள் என்று இருந்தது. அப்பாவுக்கு உதவக்கூடிய வரி. ஆனால் நோய் வந்த 43 பேரில் எத்தனை பேர் அந்த வயதினர், அதில் எந்தக் குழுவில் எத்தனை? அது இல்லை. பங்கேற்றவர்களின் எண்ணிக்கை சொல்லப்பட்டது, அவர்களுக்கு என்ன ஆனது என்பது சொல்லப்படவில்லை. ஒரு கதையில் பாத்திரத்தை மட்டும் அறிமுகப்படுத்திவிட்டு அப்படியே விட்டுவிட்டால் விமர்சகன் கேட்பான் இல்லையா, அதே கேள்விதான் இது.

3

இந்த எண் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அந்த அனுமதியின் மொழியையும் வாசிக்க வேண்டும்.

இதன் தொடக்கம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு லோக்கலில் ஏறி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டினால் பொத்தேரி. ஸ்டேஷனை ஒட்டியே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகம். கோவாக்சினின் முதற்கட்டச் சோதனைகளுக்குத் தேர்வான 12 இடங்களில் அங்குள்ள மருத்துவமனையும் ஒன்று. 2020 ஜூலை 2-ஆம் தேதி, ஐ.சி.எம்.ஆர். தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா அந்தப் பன்னிரண்டு இடங்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சோதனைகளும் முடிந்து ஆகஸ்ட் 15-க்குள் தடுப்பூசியை மக்களுக்குக் கொண்டுவருவது திட்டம் என்றது கடிதம். ஒரு ஊசிகூட இன்னும் போடப்படவில்லை. ஆறு வாரத்தில் முடிவு. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடச் சொல்வது மாதிரி. விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆகஸ்ட் 15 வந்தது, போனது.

ஆண்டுக் கடைசியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு 2021 ஜனவரி 1 அன்று கூடியது. கோவாக்சின் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதை வேகப்படுத்துங்கள், இடைக்காலத் திறன் பகுப்பாய்வு செய்து கொண்டுவாருங்கள், அவசர அனுமதியைப் பிறகு பார்க்கலாம் என்ற பொருளில் பரிந்துரைத்தது. நியாயமான பேச்சு. மறுநாள், ஜனவரி 2, அதே குழு அனுமதிக்குப் பரிந்துரை செய்தது. ஜனவரி 3 ஞாயிற்றுக்கிழமை, அனுமதி அறிவிப்பு. திறன் பற்றிய ஒரு எண்கூட அப்போது இல்லை. ஏறத்தாழ 800 பேரிடம் நடந்த முதல் இரண்டு கட்டங்களில் எதிர்ப்பாற்றல் உருவானது தெரிந்திருந்தது. விலங்குகளிடம் நடத்திய சோதனை முடிவுகள் இருந்தன. மனிதர்களுக்கு நோயைத் தடுக்கிறதா என்பதற்கான விடை இன்னும் நடந்துகொண்டிருந்த ஆய்வுக்குள் இருந்தது.

அறிவிப்பின் வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். பொதுநலன் கருதி, மிகுந்த முன்னெச்சரிக்கையாக, அவசரச் சூழலில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாட்டுக்கு, 'மருத்துவச் சோதனை முறையில்', குறிப்பாக உருமாறிய வைரஸ் தொற்று வந்தால் கூடுதல் வாய்ப்பாக இருக்கட்டும் என்று அனுமதி. இத்தனை நிபந்தனைகளும் ஒரே வாக்கியத்தில். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சோதனை முறை என்றால் வெற்று ஊசிக் குழு எங்கே? ஒப்பிட யாருமில்லாத சோதனையில் எதைச் சோதிப்பது? கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாடு என்றால் கட்டுப்பாடு யார் மேல்? எந்த மருந்து என்று ஊசி போட்டுக்கொள்கிறவர் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் எண்ணிலேயே கிடைத்தது. அனுமதி பெற்ற தடுப்பூசிகள் 110 சதவீதம் பாதுகாப்பானவை என்றார் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் வி.ஜி.சோமானி. நாங்கள் 200 சதவீதம் நேர்மையாக ஆய்வு செய்கிறோம் என்றார் பாரத் பயோடெக்கின் கிருஷ்ணா எல்லா. பள்ளியில் இதற்கு உயர்வு நவிற்சி அணி என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அணி கவிதையில் இருக்கலாம். எண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில் அணி வந்தால், எண் கையில் இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்தச் சூழலில்தான் அந்த ஒப்புதல் படிவத்தைப் பார்க்க வேண்டும். ஜனவரி 16-இலிருந்து கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் கையெழுத்திட்ட படிவம், மருத்துவத் திறன் இன்னும் நிறுவப்படவில்லை, மூன்றாம் கட்ட ஆய்வு தொடர்கிறது, அதனால் ஊசி போட்டாலும் மற்ற எச்சரிக்கைகளைக் கைவிடாதீர்கள் என்று நேராகச் சொன்னது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூன்றே அடி. அந்த மாதங்களில் இந்தத் தடுப்பூசியைப் பற்றி அதிகாரப்பூர்வமாக எழுதப்பட்டதில் இதைவிட நேர்மையான பத்தி எதையும் நான் பார்க்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் 'சோதனை முறை' என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. படிவமும் போய்விட்டது.

4

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கட்டுரை அச்சாகும் வரை காத்திருக்க முடியுமா? முடியாது. கோவாக்சின் ஆய்வின் முழுக் கட்டுரை லான்செட்டில் வந்தது 2021 நவம்பரில். அதுவரை காத்திருந்தால் ஏப்ரல், மே மாதங்களை எப்படிக் கடந்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவசர அனுமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அவசரத்துக்கும் மறைப்புக்கும் தொடர்பில்லை. ஃபைசர் நிறுவனம் 2020 நவம்பர் 9 அன்று வெளியிட்டதும் ஒரு பத்திரிகைக் குறிப்புதான். 94 பேரை வைத்து '90 சதவீதத்துக்கு மேல்' என்ற அறிவிப்பு. அதையும் இதே சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் டிசம்பர் 10 அன்று அமெரிக்க ஆலோசனைக் குழு அதைப் பற்றி விவாதித்தபோது, கூட்டத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்க முடிந்தது. விவரங்கள் அடங்கிய ஆவணம் இரண்டு நாள் முன்பே பொதுவெளிக்கு வந்திருந்தது. ஆய்வுக் கட்டுரையும் அதே நாளில் வெளியானது. பத்திரிகைக் குறிப்புக்கும் முழு விவரத்துக்கும் இடையில் 31 நாள். பெருந்தொற்றின் நடுவிலேயே.

எல்லா இடத்திலும் இப்படி ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஆஸ்ட்ராசெனெகா 2020 நவம்பரில் 70 சதவீதம் என்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு குழுவில் 62, இன்னொரு குழுவில் 90. அந்தத் தொண்ணூறு, முதல் தவணையில் தவறுதலாகப் பாதி அளவு மருந்து போன குழு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருக்கும் நடக்காத ஒரு எழுபது கிடைக்கிறது. 2021 மார்ச்சில் அதே நிறுவனம் அமெரிக்க ஆய்வைப் பற்றி 79 சதவீதம் என்று அறிவித்தது. மறுநாளே, ஆய்வைக் கண்காணித்த சுயேச்சைக் குழு, இது பழைய தரவாக இருக்கலாம் என்று கவலை தெரிவித்திருப்பதாக அமெரிக்க அரசு நிறுவனம் பகிரங்கமாகச் சொன்னது. அடுத்த இரண்டு நாளில் நிறுவனம் 76 என்று திருத்தியது. மூன்று சதவீத வித்தியாசம். இதற்கா இவ்வளவு சத்தம் என்று தோன்றலாம். மூன்றுக்காகச் சத்தம் போடும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்த எண்ணை நம்பக் காரணம்.

நம் ஊர்ப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது. விடை தப்பினாலும் வழிக்கு ஸ்டெப் மார்க் உண்டு. டீச்சருக்கு உன் மேல் நம்பிக்கை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியதா, தானே போட்டதா, அடுத்த கணக்கையும் போட வருமா என்று வழியைப் பார்த்துத்தான் தெரியும்.

5

எண் ஊர்விட்டு ஊர் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது.

தாம்பரம் காசநோயோடு வாழ்ந்த ஊர். 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். கிண்டியில் 1948-இலிருந்து பி.சி.ஜி. தடுப்பூசி தயாரித்தார்கள். நம் தலைமுறையில் பலருக்குத் தோளில் இருக்கிற அந்தத் தழும்பின் ஊசி. பிரிட்டனில் 1950-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் அது முக்கால் பங்குக்கும் மேல் காசநோயைத் தடுத்தது. கிட்டத்தட்ட நம் எண்பத்தொன்றுக்குப் பக்கத்து வீட்டு எண்.

1955-இல் ராஜாஜி இந்த பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து எழுதினார். அவர் சந்தேகப்பட்டார் என்பது முக்கியம். எதை வைத்துச் சந்தேகப்பட்டார் என்பது அதைவிட முக்கியம். அதற்கு வருகிறேன்.

1968-இல் ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. தாம்பரமும் அப்போது அந்த மாவட்டம்தான். ஆய்வு நடந்தது திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில். 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்கு பி.சி.ஜி. அல்லது வெற்று ஊசி போட்டார்கள். ஏழரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு 1979-இல் வெளியானது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. எண்பதுக்குப் பக்கத்தில் இருந்தது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தவில்லை. பதினைந்து ஆண்டுக் கவனிப்பின் முடிவு 1999-இல் கட்டுரையாக வந்தது. அதுவும் அதையே சொன்னது.

பிரிட்டன் ஆய்வு பொய்யா? இல்லை. அங்கே அந்தப் பிள்ளைகளிடம் அது உண்மை. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிற, காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் ஏற்கனவே உடம்போடு பழகிவிடுவதால் ஊசிக்குக் கூடுதலாகச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை என்பது ஒரு விளக்கம். சதவீதம் மருந்துக்குள் இருக்கும் குணம் இல்லை. மருந்து, ஆள், ஊர், காலம் நான்கும் சேர்ந்து எழுதும் எண். சிசுக்களுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வடிவங்களை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். எதற்கு எதிராக, யாருக்கு என்ற கேள்வியை நேராகக் கேட்டதால் கிடைத்த தெளிவு அது.

இப்போது ராஜாஜி. 1979 முடிவுகளைக் காட்டி 'அன்றே சொன்னார்' என்று சொல்ல ஆசை வரலாம். ஆனால் அவர் கையில் அந்த ஆய்வு இல்லை. பிறகு வந்த ஆய்வு அவர் சந்தேகத்துக்குப் பக்கத்தில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்கு ஸ்டெப் மார்க் கிடையாது. அதே அளவுகோலை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். 2021 ஜனவரியில் எண் இல்லாமல் அனுமதி கொடுத்தவர்கள், பிறகு நல்ல எண் வந்ததும் 'பார்த்தீர்களா' என்றார்கள். அவர்களுக்கும் கிடையாது. பின்னால் சரியானது முன்னால் காட்டாத வழியை நிரப்பாது.

செங்கல்பட்டு ஆய்வறிக்கையின் அழகு, அது தனக்குப் பிடிக்காத விடையை வெளியிட்டது என்பதில் இருக்கிறது. பதினோரு ஆண்டு உழைத்து, வேலை செய்யவில்லை என்று எழுதினார்கள். அந்தத் துணிச்சலுள்ள அதே நிறுவனம்தான் 2020-இல் ஆகஸ்ட் 15 கடிதத்தையும் எழுதியது என்பது எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

6

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊடகங்களுக்கு முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்கள் பயமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே போனார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தேசிய அளவிலான விசாரணைக் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. எங்கள் தெருவில் அக்டோபர் வரை யாரும் காத்திருக்கவில்லை. அந்த வாரம் போகலாம் என்றிருந்த பலர் போகவில்லை. கீழ்வீட்டு மாமி, "விவேக்குக்கே அப்படின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்" என்றார்.

மாமியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவரிடம் அதுவரை யாராவது வழிமுறையைக் காட்டினார்களா? 110 சதவீதம் என்றார்கள், தலைவர்கள் ஊசி போடும் படத்தைக் காட்டினார்கள், பிரபலத்தை அழைத்துவந்தார்கள். முகத்தைக் காட்டி நம்பச் சொன்னால், அந்த முகத்துக்கு ஒன்று ஆனதும் நம்பிக்கையும் போகும். ஊசி போட்ட லட்சக்கணக்கானவர்களில் சிலருக்கு அடுத்த நாள் மாரடைப்பு வரத்தான் செய்யும், ஊசி இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்பதைப் புரியவைக்கத்தான் வெற்று ஊசிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில்கூட நான் அதை மார்ச்சில் சொல்லவில்லை.

விவேக் இறந்து நான்கு நாள் கழித்து இரண்டாவது இடைக்கால அறிவிப்பு. 127 நோயாளிகள், திறன் 78 சதவீதம். தீவிர நோய்க்கு எதிராக 100 சதவீதம். ஜூலை தொடக்கத்தில் கடைசிப் பகுப்பாய்வு: 130 நோயாளிகள். தடுப்பூசிக் குழுவின் 8,471 பேரில் 24, வெற்று ஊசிக் குழுவின் 8,502 பேரில் 106. திறன் 77.8. அதாவது போடாதவர்களில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு வந்த இடத்தில், போட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு வந்தது. தீவிர நோய் வந்தவர்கள் 16 பேர், அதில் 15 பேர் வெற்று ஊசிக் குழு, ஒருவர் தடுப்பூசிக் குழு. 100 சதவீதம் 93.4 ஆனது. அந்த ஏழு சதவீதம் ஒரு மனிதர். டெல்டா வகைக்கு எதிராக 65.2.

அப்புறம் ஒரு எண். அதே இரண்டாம் அலையில், தில்லி எய்ம்ஸ் ஊழியர்களிடம் நடந்த ஆய்வில் இரண்டு தவணை கோவாக்சினின் பலன் 50 சதவீதம் என்று தெரிந்தது. 77.8-உம் உண்மை, 50-உம் உண்மை. முதலாவது, தேர்ந்தெடுத்த ஆட்களிடம், ஆய்வில் கண்ட திறன். இரண்டாவது, டெல்டா உச்சத்தில் நோயாளிகளுக்கு நடுவில் நாள் முழுக்க வேலை செய்தவர்களிடம், களத்தில் கண்ட பலன். தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம். திறன் வேறு, பலன் வேறு என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

விவரம் தாமதமானதற்கு விலையும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினைப் பட்டியலில் சேர்த்தது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதுவரை பல நாடுகள் அதை ஏற்கவில்லை. படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போக வேண்டியவர்கள், இரண்டு தவணை போட்டும் போடாதவர்கள் கணக்கில் நின்றார்கள். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து திரிசூலத்தில் இறங்கும். ஏற முடியாதவர்கள் கீழே இருந்தார்கள்.

7

நவம்பரில் லான்செட் கட்டுரை வந்ததும் நான் முதலில் தேடியது அப்பாவின் வரியை. 60 வயதும் அதற்கு மேலும்: திறன் 67.8 சதவீதம். பக்கத்திலேயே வேலி: 8-இலிருந்து 90 வரை. அந்த வயதில் நோய் வந்தவர்கள் குறைவு என்பதால் வேலி அவ்வளவு அகலம். இந்த ஆய்வை மட்டும் வைத்து உங்கள் அப்பாவுக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் அறிகுறி நல்ல பக்கம்தான் என்று அதற்கு அர்த்தம். இது மார்ச் மாதக் குறிப்பில் இருந்திருந்தால் அப்பா ஊசியை மறுத்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த மார்ச்சிலேயே அவர் மறுக்கவில்லை. படிவத்தை இரண்டாம் முறை படித்துவிட்டு, மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஷெட்ல வண்டி வெளிய போகணும்னா ஃபிட்டுன்னு ஒருத்தன் எழுதிக் கையெழுத்துப் போடணும். சில நாள் அவசரத்துல, இது இன்னும் பார்க்கலை, ஸ்பீடைக் குறைச்சு ஓட்டுன்னு எழுதிக் கொடுப்பான். அந்த வண்டியில நான் போவேன்மா. எல்லாம் சூப்பர்னு எழுதினவன் வண்டியிலதான் போக மாட்டேன்."

பேப்பரை மடித்துப் பரணில் பழைய பேப்பரோடு வைத்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அது எங்களிடம் இல்லை.